பழைய பட்டு ஓவியத்தில் சிவப்பு முத்திரை, சீன எழுத்து... அது சொல்வது என்ன? படிப்பது எப்படி?

சுத்துக்கேணியில் இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பழுப்பேறிய பட்டுத் துணியில் மலை, மூங்கில், சின்னதாக ஒரு படகு. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரி எழுத்து. அதற்குக் கீழே சதுரமாக ஒரு சிவப்பு முத்திரை. அவருடைய தாத்தாவின் அப்பா பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனில் வேலை பார்த்தவர். 1950-களில் ஊர் திரும்பியபோது டிரங்குப் பெட்டியில் கொண்டு வந்தது இது.

விஷயம் அதுவல்ல. பழைய பொருள் வாங்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இது பிரிண்ட் சார், 3,000 ரூபாய் தர்றேன்" என்றிருக்கிறார். இன்னொருவர் போனில், "இது கோடிக்குப் போகும், சான்றிதழ் வாங்க முதலில் 25,000 ரூபாய் அனுப்புங்க" என்றிருக்கிறார். இரண்டில் எதை நம்புவது? "அந்த எழுத்தையும் முத்திரையையும் படிச்சா தெரிஞ்சிடுமா?" என்று கேட்டார் நண்பர்.

கொஞ்சம் தெரியும். எல்லாமும் தெரியாது. எது தெரியும், எது தெரியாது என்பதைத்தான் இந்தத் தொகுப்பில் பார்க்கப் போகிறோம்.

எழுத்து இருந்தால் என்ன லாபம்?

இதற்கு உதாரணம் நம்ம ஊர்ப் பக்கமே இருக்கு. சுத்துக்கேணி தொல்லியல் உலகில் தெரிந்த பெயர்தான். இங்குள்ள பெருங்கற்கால ஈமச்சின்னங்களைத் தோண்டியபோது தங்க நகைகள் கிடைத்தன. பிரெஞ்சு ஆய்வாளர் கசால் 1956-ல் வெளியிட்ட நூலில் இந்த ஊரின் பெயரும் இடம்பெற்றது. ஆனால் அந்த நகைகளைப் போட்டிருந்தவர் யார், அவர் பெயர் என்ன என்று கேட்டால் பதில் கிடையாது.

அரிக்கமேடு கதை வேறு. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்பு மண்பாண்ட ஓடுகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றின் அடியில், செய்த பட்டறையின் பெயர் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தது. அந்த வகைப் பாண்டம் எந்தக் காலத்தில் தயாரானது என்பது ஐரோப்பாவில் ஏற்கனவே தெரிந்த விஷயம். அதை வைத்துத்தான் அரிக்கமேட்டில் ரோமானிய வணிகம் நடந்த காலத்தை வீலர் கணித்தார். சின்ன முத்திரை ஒன்று ஒரு துறைமுகத்துக்கே வயது சொன்னது.

பட்டு ஓவியத்திலும் இதே கணக்குதான். படம் அழகாக இருக்கலாம். யார் வரைந்தது, எப்போது, யாருக்காக, யார் கையில் இருந்தது என்று சொல்வது எழுத்தும் முத்திரையும்தான்.

ஓவியத்தில் எழுத்து எங்கெல்லாம் இருக்கும்?

சீன ஓவியத்தில் எழுத்து என்றால் ஓவியரின் கையெழுத்து மட்டும் என்று நினைக்காதீர்கள். பல வகை உண்டு:

● ஓவியரின் குறிப்பு: பெயர், ஆண்டு, யாருக்காக வரைந்தது. பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும்.

● பெயர்க் கட்டம்: படத்தில் இருக்கும் தெய்வம் அல்லது மனிதர் யார் என்று பக்கத்திலேயே நீளமான சிறு கட்டம் போட்டு எழுதுவது.

● காணிக்கைக் குறிப்பு: யார், எந்த வேண்டுதலுக்காக வரையச் செய்தார் என்பது. பௌத்த ஓவியங்களில் அதிகம்.

● பின்னாளில் சேர்த்த குறிப்பு: ஓவியத்தைப் பார்த்தவர், வாங்கியவர் எழுதி வைத்த பாராட்டு, கவிதை, கருத்து. சுருள் ஓவியத்தின் கடைசியில் இதற்கென்றே தனித் துண்டு ஒட்டப்பட்டிருக்கும்.

● தலைப்புச் சீட்டு: சுருட்டி வைத்த பிறகு வெளியே தெரியும்படி ஒட்டிய பெயர்.

படிக்கும் முறை: மேலிருந்து கீழே. ஒரு வரி முடிந்ததும் இடப்பக்கம் அடுத்த வரி. அதாவது வலமிருந்து இடம்.

சில சமயம் எழுத்து ஒளிந்தும் இருக்கும். சோங் காலத்து ஃபான் குவான் வரைந்த மலை ஓவியம் தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுதைக் கூட்டத்துக்குப் பின்னால் இலைகளுக்கு நடுவே அவர் பெயர் இருப்பதை 1958-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து!

டெல்லியில் இருக்கும் சீனப் பட்டு ஓவியங்கள்

இந்தியாவில் இப்படிப்பட்ட ஓவியங்கள் இருக்கா? இருக்கு. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில்.

சீனாவின் வடமேற்கில், பாலைவன ஓரத்தில் துன்ஹுவாங் என்று ஓர் ஊர். அங்கே குடைவரைக் கோயில்கள் வரிசையாக உண்டு. அதில் ஒரு சிறிய அறை, 11-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர் வைத்து மூடப்பட்டது. 1900-ல் வாங் யுவான்லு என்ற துறவி அதைக் கண்டுபிடித்தார். உள்ளே ஆயிரக்கணக்கான ஏடுகள், பட்டு ஓவியங்கள், கொடிகள். 1907-ல் ஆரல் ஸ்டைன் அங்கே போய், சிறு தொகையை வாங்வுக்குக் கொடுத்துவிட்டு, பெட்டி பெட்டியாக எடுத்து வந்தார். அந்தப் பயணத்துக்குப் பணம் போட்டது பிரிட்டிஷ் மியூசியமும் அன்றைய இந்திய அரசும். அதனால் கிடைத்தவை லண்டனுக்கும் டெல்லிக்கும் பங்கு பிரிக்கப்பட்டன. எடுத்துச் சென்றது நியாயமா என்ற கேள்வியைச் சீனா இன்றும் எழுப்புகிறது.

இந்த இரண்டு ஊர்ப் பங்கையும் சேர்த்து, அவற்றில் இருந்த எழுத்துகளைப் படித்துப் பட்டியல் போட்டவர் ஆர்தர் வேலி. 1931-ல் அந்தப் பட்டியல் வெளியானது.

இந்த ஓவியங்களில் கவனிக்க வேண்டியது: ஓவியரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. காசு கொடுத்து வரையச் சொன்னவர் பெயர் இருக்கும். நம்ம ஊர்க் கோயில் டியூப் லைட்டில் "உபயம்" என்று எழுதுகிறோமே, அது மாதிரி! சில ஓவியங்களில் பெயர்க் கட்டம் போட்டுவிட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். ஓவியத்தை முன்கூட்டியே வரைந்து வைத்து, ஆள் வந்த பிறகு பெயர் எழுதும் வழக்கமும் இருந்திருக்கலாம் என்று இதை வைத்து ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள்.

லண்டன் பங்கில் இருக்கும் ஒரு அவலோகிதேசுவரர் ஓவியத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு பிக்குணி, மறுபக்கம் ஓர் ஆண். பிக்குணியின் பெயர் யான்ஹுய் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இறந்தவர்களை நினைத்து, அவர்கள் நல்ல உலகில் பிறக்க வேண்டும் என்று வேண்டிச் செய்த காணிக்கை இது. எழுத்து இல்லையென்றால் நமக்கு இது "போதிசத்துவர், பக்கத்தில் இரண்டு பேர்" மட்டும்தான். எழுத்தைப் படித்த பிறகு ஒரு குடும்பத்தின் துக்கம் தெரிகிறது.

ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

மேலே சொன்ன ஓவியத்தில் தேதியும் இருக்கிறது: "தியான்ஃபு 10-ம் ஆண்டு, கெங்வு". இதில் இரண்டு கணக்கு ஒன்றாக வருகிறது.

முதலாவது, ஆட்சிப் பெயர். அரசர் தன் ஆட்சிக்கு ஒரு பெயர் சூட்டி, அதிலிருந்து 1, 2, 3 என்று எண்ணுவார். நம் கல்வெட்டுகளில் "இராசராச தேவர்க்கு யாண்டு" இத்தனை என்று வருவதைப் போல.

இரண்டாவது, 60 ஆண்டுச் சுழற்சி. இது நமக்குப் புதுசு இல்லை. பிரபவ முதல் அட்சய வரை நமக்கும் 60 பெயர்கள். சீனர்களுக்கும் 60 பெயர்கள். ஆனால் தொடங்கும் இடம் வேறு. நமக்கு பிரபவ 1987-ல் வந்தது. அவர்களின் முதல் ஆண்டு 1984-ல் வந்தது. மூன்று வருஷ வித்தியாசம், அவ்வளவுதான்.

இப்போது ஒரு சுவாரஸ்யம். தியான்ஃபு என்ற ஆட்சிப் பெயர் சீனத் தலைநகரில் 904-லேயே கைவிடப்பட்டது. தாங் வம்சமே 907-ல் முடிந்துவிட்டது. அப்புறம் எப்படி "10-ம் ஆண்டு"? தூரத்தில் இருந்த துன்ஹுவாங் மக்கள் பழைய கணக்கையே தொடர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். கெங்வு என்ற சுழற்சிப் பெயரையும் சேர்த்துப் பார்த்தால் கி.பி. 910 என்று உறுதியாகிறது. "இல்லாத ஆண்டு எழுதியிருக்கு, அப்போ இது போலி" என்று அவசரப்பட்டிருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

ஆட்சிப் பெயர் இல்லாமல் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால்தான் சிக்கல். சோங் காலத்து குவோ ஷி வரைந்த "இளவேனில் தொடக்கம்" என்ற புகழ்பெற்ற ஓவியத்தில் "ரென்சி ஆண்டு" என்று இருக்கிறது. ஓவியர் வாழ்ந்த காலம் தெரியும் என்பதால் அது 1072. ஆனால் அதே ரென்சி 1852-லும் வந்தது, 1912-லும் வந்தது, 1972-லும் வந்தது. தாத்தாவின் ஜாதகத்தில் "பரிதாபி வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1912-ஆ, 1972-ஆ என்று நாம் எப்படி யோசிப்போமோ, அப்படித்தான் இங்கேயும் யோசிக்க வேண்டும்.

சிவப்பு முத்திரை: உள்ளே என்ன இருக்கு?

முத்திரை மை சாதாரண மை கிடையாது. சாதிலிங்கத்தைப் பொடித்து, எண்ணெயும் நாரும் சேர்த்துப் பிசைந்த குழம்பு. ஆமணக்கு எண்ணெய்தான் வழக்கம். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் கலந்த பொருள். அதனால்தான் நூற்றாண்டுகள் கழித்தும் நிறம் நிற்கிறது. அதனால்தான் தொட்டுவிட்டுக் கையைக் கழுவ வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

முத்திரையில் இரண்டு வகை:

● எழுத்து சிவப்பு, பின்னணி துணியின் நிறம். கல்லில் எழுத்து மேடாகச் செதுக்கப்பட்டது.

● பின்னணி சிவப்பு, எழுத்து துணியின் நிறம். கல்லில் எழுத்து பள்ளமாக வெட்டப்பட்டது.

எழுத்து வடிவம் மிகப் பழையது. இன்றைய சீனர்களிலேயே பயிற்சி இல்லாதவர்கள் படிக்கத் திணறுவார்கள். நாம் வட்டெழுத்துக்கு முன்னால் நிற்பது போலத்தான். நான்கு எழுத்து முத்திரை என்றால் பொதுவாக வலது வரிசை மேலிருந்து கீழ், பிறகு இடது வரிசை.

முத்திரையில் இருப்பது ஓவியரின் பெயராக இருக்கலாம், புனைபெயராக இருக்கலாம், அவருடைய படிப்பறையின் பெயராக இருக்கலாம், பிடித்த ஒரு வாசகமாகவும் இருக்கலாம். கடைசி எழுத்துக்கு "முத்திரை" என்று பொருள் வந்தால் அது பெரும்பாலும் ஆள் பெயர். "சேமித்தது", "பார்வையிட்டது" என்று பொருள் வந்தால் அது வைத்திருந்தவரின் முத்திரை. ஓவியர் வேறு, உரிமையாளர் வேறு. இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

வில்லங்கச் சான்று மாதிரி!

மனை வாங்கும்போது மூலப்பத்திரம் பார்க்கிறோம், வில்லங்கச் சான்று போடுகிறோம். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தெரியத்தானே? சீன ஓவியத்தில் அந்த வேலையைச் செய்வது உரிமையாளர் முத்திரைகள். ஒவ்வொருவரும் வாங்கியபோது ஒரு முத்திரை. அவற்றைக் கால வரிசையில் அடுக்கினால் ஓவியத்தின் பயணம் தெரியும்.

இதில் மன்னன் சியான்லாங். 1735 முதல் 1796 வரை சீனாவை ஆண்டவர். அவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைகள் இருந்தன. பிடித்த ஓவியம் என்றால் ஒன்றோடு விடமாட்டார். "சியான்லாங் பார்வையிட்ட பொக்கிஷம்" என்று ஒன்று. 70 வயதானதும் அதைக் குறிக்க ஒன்று, 80 ஆனதும் ஒன்று, பதவியை மகனிடம் கொடுத்த பிறகு "மேலான தந்தைப் பேரரசர்" என்று ஒன்று. ஆகவே எந்த முத்திரை இருக்கிறது என்று பார்த்தால், அவர் எந்த வயதுக்குப் பிறகு அதைக் குத்தினார் என்றே சொல்லிவிடலாம்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் "அறிவுரைச் சுருள்" அப்படிப்பட்ட ஒரு பட்டு ஓவியம். கு கைச்சி என்ற 4-ம் நூற்றாண்டு ஓவியரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. முத்திரைகளால் நிரம்பி வழியும். ஆனால் அதன் பயணத்தில் ஒரு கட்டத்துக்கு முத்திரை கிடையாது. 1900-ல் பாக்சர் கலவரத்தின்போது பீஜிங் போன பிரிட்டிஷ் இந்தியப் படையின் கேப்டன் ஜான்சன் கைக்கு அது வந்தது. லண்டன் திரும்பிய அவர், சுருளில் கோத்திருந்த பச்சைக்கல்லுக்கு விலை கேட்கத்தான் மியூசியத்துக்குப் போனாராம். 1903-ல் சுருளை வெறும் 25 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார். கையில் இருப்பதைப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

சரி, முத்திரை பொய் சொல்லாதா?

சொல்லும். போலிப் பத்திரம் இருப்பதைப் போலப் போலி முத்திரையும் உண்டு.

சாங் தாச்சியான், 20-ம் நூற்றாண்டின் பெரிய சீன ஓவியர். துன்ஹுவாங் போய் அந்தச் சுவரோவியங்களைப் பிரதி எடுத்தவர். அஜந்தாவைப் பார்க்க இந்தியாவுக்கும் வந்தவர். அவரே பழைய மேதைகளின் பாணியில் போலிகளும் வரைந்தார். பழைய பட்டு, பழைய மாதிரி முத்திரை, பழைய மாதிரிக் குறிப்பு, எல்லாம் பக்கா. பாஸ்டன், லண்டன் அருங்காட்சியகங்களே அவற்றைப் பழைய ஓவியம் என்று நம்பி வாங்கின.

இன்னொரு சிக்கல்: நேர்மையான பிரதி. குரு வரைந்ததைச் சீடர் அப்படியே வரைவது அங்கே மரியாதை. தேதியையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள். ஏமாற்றும் எண்ணமே இருக்காது. ஆனால் தேதி தப்பாகிவிடும்.

எழுத்து பொய் சொன்னாலும், சில நேரம் ஒரு கோடு காட்டிக்கொடுக்கும். அதே அறிவுரைச் சுருளின் கடைசியில் மெல்லிய, அழகான ஓர் எழுத்துப் பகுதி உண்டு. அந்தப் பாணியைப் பார்த்து, சோங் பேரரசர் ஹுய்சோங் எழுதியது என்றே நீண்ட காலம் நம்பினார்கள். 1960-களில் ஜப்பானிய அறிஞர் ஒருவர் கவனித்தார்: ஓர் எழுத்தில் கடைசிக் கோட்டைக் காணோம். அப்பா பெயரில் வரும் எழுத்தை முழுதாக எழுதக் கூடாது என்பது சீன மரபு. நம் வீட்டுப் பெரியவர்கள் கணவர் பெயரைச் சொல்லாமல் தவிர்த்தார்களே, அது மாதிரி. அந்த எழுத்து ஜின் வம்சப் பேரரசர் சாங்சோங்கின் தந்தை பெயரில் வருவது. எழுதியவர் ஹுய்சோங் இல்லை, அவர் பாணியில் எழுதப் பழகிய சாங்சோங்! எழுதாமல் விட்ட ஒரு கோடு உண்மையைச் சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டில் இருந்தால் என்ன செய்யலாம்?

1. முதலில் பூதக்கண்ணாடி வைத்து முத்திரையைப் பாருங்கள். பல நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. மை துணி இழைமேல் படிந்து, ஓரம் சீரில்லாமல் இருந்தால் கையால் குத்தியது. ஆனால் கையால் குத்தியது என்பதாலேயே பழையது ஆகிவிடாது.

2. பட்டு என்றாலே பழசு என்று அர்த்தம் இல்லை. சுற்றுலாக் கடைகளில் இன்றும் பட்டில் வரைந்து விற்கிறார்கள். பழுப்பு நிறம் டீ தண்ணியிலும் வரும்.

3. எழுத்து முழுவதையும், ஒவ்வொரு முத்திரையையும், ஓவியத்தின் பின்பக்கத்தையும் தனித்தனியாகப் போட்டோ எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பகல் வெளிச்சம் போதும்.

4. மொழிபெயர்ப்பு ஆப் சாதாரண எழுத்தை ஓரளவு படிக்கும். முத்திரை எழுத்தில் தடுமாறும். அது சொல்வதை முடிவாக எடுக்காதீர்கள்.

5. சீன எழுத்து என்பதால் சீன ஓவியம் என்று முடிவு கட்டாதீர்கள். ஜப்பானிலும் இதே எழுத்து உண்டு. வியட்நாமிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இதே எழுத்து, இதே 60 ஆண்டுச் சுழற்சி. புதுச்சேரியிலிருந்து சைகோன், ஹனோய் போய் வந்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆட்சிப் பெயர் இருந்தால் எந்த நாடு என்று சொல்லிவிடலாம்: "மெய்ஜி" என்றால் ஜப்பான், "பாவோ தாய்" என்றால் வியட்நாம்.

6. துடைக்காதீர்கள், ஈரத்துணி வேண்டாம், செல்லோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். மடிக்காமல், தளர்வாகச் சுருட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் வையுங்கள்.

7. யார் கொண்டு வந்தது, எங்கிருந்து, எந்த வருஷம்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். பழைய கடிதம், கப்பல் டிக்கெட், போட்டோ இருந்தால் சேர்த்து வையுங்கள். முத்திரை சொல்லாததை அவை சொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972. இதன்படி 100 ஆண்டுக்குக் குறையாத ஓவியம் தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். அதனால் வாங்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு தருவீங்க" இல்லை, "லைசென்ஸ் இருக்கா" என்பதுதான். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் ஓவியம் பதிவு செய்ய வேண்டிய வகைகளில் வருவதால், தொல்லியல் துறையிடம் விசாரித்துக்கொள்வது நல்லது. "முதலில் பணம் அனுப்புங்க, சான்றிதழ் தர்றோம்" என்று போனில் சொல்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

நண்பரின் ஓவியம் என்ன ஆச்சு?

பூதக்கண்ணாடியில் புள்ளி இல்லை. அதனால் "பிரிண்ட்" என்ற பேச்சு அடிபட்டது. சீன மொழி தெரிந்த ஒருவர் படித்ததில், அந்த வரியில் ஆட்சிப் பெயர் இல்லை, "ரென்சி" என்று மட்டும் இருக்கிறது. 1972 ஆக இருக்க முடியாது, ஓவியம் அதற்கு முன்பே சுத்துக்கேணிக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் 1912 அல்லது அதற்கும் முன். எழுதிய தேதி உண்மையாக இருந்தால் 100 ஆண்டைத் தாண்டிவிட்டது. பிரதியாக இருந்தால் கதை மாறும். சீனாவா, வியட்நாமா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

கோடியா, ஆயிரமா? அது நிபுணர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. இப்போதைக்கு நண்பர் செய்தது ஒன்றுதான்: இரண்டு பேரிடமும் "விற்பனைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயந்திரம் 80 வயதுப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, சைகோன் தாத்தாவைப் பற்றிக் கேட்டு, ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார். அந்த ஓவியத்தில் இல்லாத குறிப்பு அதுதான்.